எங்கள் தெரு மாடுகளுக்கு ஒரு ஆல்பம்: மூங்கில் கழி, செல்போன், கொஞ்சம் தவிடு

எங்கள் தெரு மாடுகளை அடையாளம் காண நான் படம் எடுத்துச் சேர்த்த ஆல்பம் ஒருவழியாக உதவிவிட்டது. வைகாசிக் கடைசியில் மேய்ச்சல் மாடுகளைப் பிரித்தபோது, இரண்டு கிடேரிகளில் (இன்னும் ஈனாத இளம் பசுக்களில்) எது எங்கள் தெருவுடையது என்ற பேச்சு அதைப் பிரித்துப் பார்த்ததும் முடிந்துவிட்டது. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நான்கு காலிலும் வெள்ளை. காதில் எண்ணோடு மாட்டும் காதுவில்லை இரண்டிலும் அறுந்து போயிருந்தது. எங்களுடையதற்குப் பின்னங்கால் இடதில் மட்டும் வெள்ளை ஒரு பக்கமாக ஏறி, முட்டிக்கு நாலு விரல்கடை கீழே கூராக முடியும். படத்தில் அது பளிச்சென்று இருந்தது. அதனால் எப்படி எடுத்தேன், எது சரிப்பட்டு வரவில்லை என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் யாராவது செய்தால் உதவும்.

முதலில் எங்கள் பக்கத்து நிலவரம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே சம்பா அறுத்த வயலில் உளுந்து, பயறு கிடக்கும் வரை மாட்டை யாரும் அவிழ்த்துவிட முடியாது. உளுந்து பிடுங்கிய பிறகு மேட்டூர்த் தண்ணீர் வரும் வரை வயலெல்லாம் பொது மாதிரிதான். அணை திறப்பு ஜூன் 12 என்று கணக்கு வைத்திருந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரப் பின்னும் நாளாகும். அதுவரை நாலைந்து ஊர் மாடு ஒன்றாக மேயும். பாதி உம்பளச்சேரி, பாதி ஜெர்சி கலப்பு. உம்பளச்சேரி என்பது தலைஞாயிறு பக்கத்து ஊர். மாட்டுக்கும் அதே பெயர். சேற்றில் உழைக்கும் குட்டையான மாடு. கொறுக்கை அரசுப் பண்ணையிலும் இதைத்தான் வளர்க்கிறார்கள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதுதான் இதன் அழகு, எங்களுக்குத் தலைவலியும் அதுதான்.

எல்லார் செல்போனிலும் மாட்டுப் படம் இருக்கிறது. எல்லாம் முகம். பொங்கலுக்கு மாலை போட்ட முகம், கொம்புக்கு வர்ணம் அடித்த முகம். அடையாளத்துக்கு அதில் ஒன்றுகூட ஆகாது. அது பசுவா காளையா என்றுகூடப் பாதிப் படத்தில் சொல்ல முடியவில்லை. நானும் முகத்தில் இருந்துதான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாணி அள்ளிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, மூஞ்சியையே எடுத்துக்கிட்டிருக்க? மாட்டுக்கு வெவரமெல்லாம் பின்னாடிதான் இருக்கு."

அதோடு திட்டம் மாறியது. ஒரு மாட்டுக்கு நாலு படம்: பக்கவாட்டில் முழு உடம்பு, நேர் பின்புறம், நெற்றியோடு முகம், அப்புறம் மூக்கு. காதுவில்லை இருந்தால் முகத்துப் படத்திலேயே அதன் எண்ணும் விழ வேண்டும்.

தூரம்

கிட்டே போய் எடுத்தால்தான் நன்றாக வரும் என்று தோன்றும். செல்போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. ஒன்றரை அடியில் வைத்தால் மூக்கு பூசணிக்காயாகவும் உடம்பு வாலோடு சுருங்கியும் வரும். திமில் இருக்கிற அளவில் பாதிதான் தெரியும். பசுவா காளையா என்று பார்க்கும்போது திமில் அளவு முக்கியம், அதையே லென்ஸ் மாற்றிவிட்டால் என்ன பிரயோஜனம்? எட்டு ஒன்பது அடி தள்ளி நின்று ஜூமை 2எக்ஸில் வைத்தால் அளவு சரியாக வருகிறது. செல்போனை மாட்டின் தோள் உயரத்துக்கு இறக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் முதுகு பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். உம்பளச்சேரிக்கு ஏற்கெனவே கால் குட்டை. அதை இன்னும் குட்டையாக்க வேண்டாம். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எடுத்தேன், ஒன்றேகால் அடி உயரம்.

பக்கவாட்டுப் படத்தில் முன்னங்கால் இரண்டும், பின்னங்கால் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மாடு ஒரு எட்டு எடுத்து வைக்கும்போது அமுக்கினால் கிடைக்கும். படுத்து அசை போடும் மாட்டை எடுத்துப் புண்ணியமில்லை, மடியும் தெரியாது, காலும் தெரியாது.

கழி

வயிற்றுக்குக் கீழே தெரியும்படி ஒரு படம் வேண்டுமென்றால் செல்போன் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். மாட்டுக்குப் பக்கத்தில் குனிந்து உட்காருவது புத்தியில்லை. பசு பின்னால் மட்டுமல்ல, பக்கத்திலும் உதைக்கும். காலை முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் வளைத்து வீசும். பால் கறப்பவர்களைக் கேட்டால் தழும்பைக் காட்டுவார்கள்.

முதலில் அரை அங்குல பிவிசி குழாயில், ஆறு அடி நீளத்தில் செல்போன் பிடிப்பான் மாட்டினேன். வெள்ளைக் குழாயைத் தூக்கியதும் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. கழியை ஓங்கினால் அடி விழும் என்றுதான் அவற்றுக்குத் தெரியும், அதன் நுனியில் கேமரா இருப்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்? குழாய் வளையவும் செய்தது. செல்போன் எடைக்கு நுனி ஆடி ஆடி எல்லாப் படமும் கலங்கல்.

அப்புறம் கொல்லையில் கிடந்த மூங்கில். ஐந்து அடி, பெருவிரல் பருமன், கணுவெல்லாம் சீவி, பிடிப்பானைச் சைக்கிள் ட்யூப் ரப்பர் சுற்றி இறுக்கியது. தூக்கவே கூடாது. நுனியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய், முதலில் மாட்டின் மூக்குக்குக் கீழே வைத்து முகர விட வேண்டும். முகர்ந்து, நக்கி, சலித்துப்போய்த் தலையைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு மேல் கழி எங்கே போனாலும் கண்டுகொள்ளாது. நக்கின லென்ஸைத் துடைக்க மறக்க வேண்டாம். மாட்டு எச்சில் காய்ந்தால் படம் பனிமூட்டம்தான்.

புளூடூத் பொத்தான் ஒன்று 200 ரூபாய்க்கு வாங்கினேன். நல்லதுதான், ஆனால் பாதி நேரம் தொடர்பு அறுந்துவிடுகிறது. கடைசியில் 4கே வீடியோவை ஓடவிட்டு, கழியை மெதுவாக நகர்த்தி, பிறகு அதிலிருந்து ஒரு ஃப்ரேமைப் படமாக வெட்டி எடுத்தேன். அது எட்டு மெகாபிக்சல் வருகிறது. 4-க்கு 6 அங்குல அச்சுக்கு அதில் கால்வாசியே போதும். வெளிச்சம் நன்றாக இருந்தால் கலங்கலும் இல்லை. அடுத்த முறை பொத்தானே வாங்க மாட்டேன்.

வெளிச்சம்

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. உச்சி வெயிலில் வயிற்றுக்குக் கீழே கரிதான், பார்க்க வேண்டிய இடமே தெரியாது. சாய்ந்த வெயில்தான் மடிவரை போகும். அதுவும் போதாத இடத்தில் வெள்ளைச் சாக்கு ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்தால் வெளிச்சம் கீழிருந்து அடிக்கும். தவிட்டுச் சாக்கு எடுங்கள். யூரியா சாக்கு வேண்டவே வேண்டாம், மாடு நக்கும். யூரியா மாட்டுக்கு விஷம்.

வெள்ளை மாடு இருட்டுக் கொட்டகை முன்னால் நின்றால், செல்போன் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். உடம்பு வெளுத்து, தழும்பும் சுழியும் போன இடம் தெரியாது. மாட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சரியாகிறது. கருங்காளைக்கு இதற்கு நேர் எதிர். ஃப்ளாஷ் தேவையே இல்லை.

அழுக்கு போகட்டும் என்று சிலர் குளத்தில் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஈரத்தில் சாம்பல் மாடு கருத்துத் தெரிகிறது. காயாமல் எடுத்த ஒரு பசு படத்தில் காளை மாதிரியே கழுத்துக் கருமையோடு நின்றது. முக்கால் மணி நேரம் வெயிலில் கட்டிவிட்டு எடுத்தால் உண்மையான நிறம் வருகிறது.

பசுவா, காளையா, எருதா

ஆல்பத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் கீழே இதை எழுத வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை மகன் கூடவே நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அவன் கணக்கு சுலபம்: கொம்பு இருந்தால் காளை, இல்லாவிட்டால் பசு. எங்கள் ஊரில் இந்தக் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழ். உம்பளச்சேரி உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மொட்டை மாடு என்றே அதற்குப் பெயர் உண்டு. பசுவுக்குக் கொம்பை விட்டுவிடுவார்கள், சின்னதாக உள்ளே வளைந்த கொம்பு. ஆக, எங்கள் தெருவில் கொம்போடு நிற்பது பெரும்பாலும் பசு, மொட்டையாக நிற்கிற உம்பளச்சேரி எருது, அதாவது காயடித்த மாடு. ஆனால் ஜெர்சி கலப்புப் பசுவுக்கும் கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறார்கள். அதனால் மொட்டை என்றாலும் முடிவு கட்ட முடியாது. கொம்பு என்ற பத்தியையே நோட்டிலிருந்து அடித்துவிட்டோம்.

நிறம் கொஞ்சம் உதவும். வயதுக்கு வந்த, காயடிக்காத பொலிகாளைக்குத் தலை, கழுத்து, திமில், பின் தொடை எல்லாம் கருமை ஏறும். கழுத்து தடித்து, திமில் எழுந்து நிற்கும். பசுவின் திமில் சின்னது, கழுத்து ஒல்லி. காயடித்த எருது இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும். எந்த வயதில் காயடித்தார்கள் என்பதைப் பொறுத்துத் திமில் மாறும். ஜெர்சி கலப்பில் திமில் ஆணுக்கும் பெரிதாக இருக்காது, அங்கே இந்த வழி பலிக்காது.

பக்கவாட்டுப் படத்தில் பார்க்க வேண்டியது அடிவயிறு. ஆண் மாட்டுக்குத் தொப்புளுக்குச் சற்றுப் பின்னால் குறியின் உறை, நுனியில் ஒரு கொத்து மயிர். கறவைப் பசுவின் மடி பின்னங்கால்களுக்கு நடுவே தெரியும். ஆனால் பால் வற்றிய பசுவுக்கும் ஈனாத கிடேரிக்கும் மடி சுருங்கித் தொடையோடு ஒட்டியிருக்கும், பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியாது. சிந்தி, சாஹிவால் இன ரத்தம் கலந்த பசுவுக்குத் தொப்புள் தோல் தொங்கும். தூரத்துப் படத்தில் அதைக் குறியுறை என்றே நினைத்துவிடலாம். மயிர்க்கொத்து இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

சந்தேகமே இல்லாமல் முடிப்பது பின்புறப் படம்தான். வாலை ஒருவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டால் போதும். பெண் மாட்டுக்கு ஆசனவாய்க்குக் கீழே யோனி தெரியும், இரண்டு துவாரம். ஆணுக்கு வாலடியில் ஒன்றே ஒன்று, அதற்குக் கீழே தொடைக்கு நடுவில் விதைப்பை. எருதுக்கு அதிலும் ஒரு சிக்கல். இப்போது காயடிப்பது இடுக்கியால். தோலை அறுப்பதில்லை, உள்ளே போகும் நரம்புக் கொடியை மட்டும் நசுக்குவார்கள். பை அப்படியே இருக்கும், உள்ளே விதை சூம்பிவிடும். படத்தில் தளர்ந்த சின்னப் பையாகத் தெரிகிறது. தெருக்கோடியில் வண்டி மாடு வைத்திருக்கும் மாமாவிடம் ஒன்றைக் காட்டி, "காளைன்னு எழுதட்டுமா மாமா?" என்றேன்.

"எருதுன்னு எழுதுடா. காளைன்னு எழுதினா எவனாவது பசுவைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பான்."

கன்றுகளில்தான் நேரம் பிடித்தது. பிறந்து சில வாரமே ஆன காளைக்கன்றுக்கும் பையின் முன்னால் குட்டிக் காம்புகள் இருக்கும். காம்பைப் பார்த்ததும் கிடேரி என்று எழுதிவிடக் கூடாது. தொப்புள்கொடி காய்ந்து தொங்கும்போது உறை எது கொடி எது என்று படத்தில் பிரிவதில்லை. கன்றுக்கு வாலைத் தூக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி, அதுவும் தாய் அந்தப் பக்கம் கட்டியிருக்கும்போது. புதிதாக ஈன்ற பசு சாதுவாக இருந்தாலும் கன்றின் வாலைத் தொட்டால் சாதுவாக இருக்காது.

கிட்டே போகாமல் கண்டுபிடிக்க ஒரு வழியும் உண்டு, பொறுமை வேண்டும். பசு மூத்திரம் பெய்ய நின்று, முதுகை வளைத்து, வாலைத் தூக்கும், பின்னாலிருந்து விழும். ஆண் மாட்டுக்கு அடிவயிற்றிலிருந்து வரும், நடந்துகொண்டே பெய்துவிட்டுப் போகும். தார்ச்சாலையில் வளைந்து வளைந்து கோடு விழுந்திருந்தால் வண்டி மாடு போயிருக்கிறது. எழுத்துகளை ஒரு வடிவத்தில் அமைத்துப் பாடும் சித்திரகவியில் கோமூத்திரி என்று ஒரு வகையே இந்தக் கோட்டை வைத்துத்தான். புலவர்கள் வண்டிக்குப் பின்னால் நிறைய நடந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இன்னொன்று: மேலே ஏறுகிற மாடெல்லாம் காளை இல்லை. பருவத்துக்கு வந்த பசுவின் மேல் இன்னொரு பசுவும் ஏறும். மேய்ச்சலில் தூரத்திலிருந்து அப்படி ஒரு படம் எடுத்துவிட்டு, கோயில் காளை என்று தங்கை மகன் எழுதி வைத்திருந்தான்.

உண்மையான கோயில் காளையை வாய்க்காலுக்கு இந்தக் கரையிலிருந்து 3எக்ஸில் எடுத்தேன். அதற்கு வாலைப் பிடிக்க ஆள் கூப்பிடவில்லை. தானாகத் திரும்பும் வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்ததுதான்.

கட்டியிருக்கிற மாட்டின் பின்னால் போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. சத்தமில்லாமல் அங்கே போய் நின்றால் திடுக்கிட்டு உதைக்கும். பின்புறப் படத்தையும் எட்டு அடி தள்ளி, 2எக்ஸில்தான் எடுத்தேன்.

மூக்கு

மூக்கில் இருக்கும் மேடு பள்ளம் மாட்டுக்கு மாடு வேறு. மனிதக் கைரேகைக்கு ஈடு. காதுவில்லை அறுந்தாலும் இது மாறாது என்பதால் ஆசைப்பட்டு ஆரம்பித்தேன். ஆரோக்கியமான மாட்டு மூக்கு எப்போதும் வேர்த்து ஈரமாக இருக்கும், வெளிச்சம் பட்டால் எல்லாம் பளபளப்பு, ரேகை தெரியாது. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தால் சில விநாடிக்குள் மறுபடி முத்து முத்தாக வேர்க்கிறது. அந்தச் சில விநாடிதான் கிடைக்கும். ஒருவர் தவிட்டுக் கையை முகவாய்க்குக் கீழே காட்ட, இன்னொருவர் ஒற்றிவிட்டு விலக, நான் நிழலில், பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி இரண்டடியில் தொடர்ச்சியாக அமுக்கினேன். கறுப்பு மூக்கில் நன்றாக விழுந்தது. கண்ணால் ஒப்பிட்டு முடிவு சொல்வது கஷ்டம்தான், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரே மூலையிலிருந்து மேடுகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். காலின் வெள்ளையும் நெற்றிச் சுழியும் சொல்லாததை மட்டும் மூக்கிடம் கேட்கலாம்.

காதுவில்லையில் 12 இலக்கம். மஞ்சள் வில்லை மேல் சேறும் சாணியும். துடைத்துவிட்டு, படத்தில் மூன்றில் ஒரு பங்காவது வில்லை நிறையும்படி தனியாக ஒன்று எடுத்து வைப்பது நல்லது. எங்கள் தெருவில் ஒருவருக்குக் காப்பீட்டு மனு திரும்பி வந்ததே படத்தில் எண் படிக்க முடியவில்லை என்றுதான். ஈ மொய்த்தால் காது ஆடிக்கொண்டே இருக்கும். வேப்பந்தழையால் விசிறிக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும்.

கணக்கு

பசு 17, கிடேரி 5, எருது 2, காளை 1, கன்று 6. மொத்தம் 31 உருப்படி, 124 படம். அச்சு படத்துக்கு 12 ரூபாய், 1,488. செல்போன் பிடிப்பான் 150, பொத்தான் 200, இருநூறு படம் வைக்கும் ஆல்பம் 280. ஆகமொத்தம் 2,118. மாட்டுக்கு 50 வீதம் தெருவில் 1,550 சேர்ந்தது, மீதி என் கணக்கு. மூங்கில், ட்யூப், தவிடு எல்லாம் வீட்டுச் சரக்கு.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. ஒட்டு ஆல்பத்துக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் தாள் கோப்பு வாங்குவேன். உம்பளச்சேரிக் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பலாகிவிடுகிறது. இப்போதே இரண்டு கன்றின் பக்கம் பொய்யாகிவிட்டது, நெற்றிப் பொட்டு மட்டும்தான் பொருந்துகிறது. கன்றுகளை மறுபடி எடுக்க வேண்டும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அப்புறம் காலெல்லாம் சேறு. பக்கவாட்டுப் படத்தில் இடப்பக்கம் மட்டுமே எடுத்திருக்கிறேன், வலப்பக்கமும் வேண்டும். படத்துக்குள்ளேயே ஒரு சிலேட்டில் தேதியும் வீட்டு எண்ணும் எழுதிப் பிடித்திருந்தால் அச்சுக் கடையில் படங்கள் கலந்தபோது அரை நாள் மிச்சமாகியிருக்கும். சிலேட்டு வாங்கியாயிற்று, 60 ரூபாய்.